ஒரே டப்பா, ஒரே ஸ்பூன்

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் அலறியது. நர்ஸ் தேவி ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு வந்திருந்தாள்.

"அக்கா, மீன்ல இருக்கிற நல்ல கொழுப்பு உன்னைவிட அண்ணனுக்கு ரெண்டு மடங்கு இருக்குது."

நீலாவதிக்குப் பெருமை தாங்கவில்லை. கணவர் ராஜவேலுவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றே பர்வதமலை சாமிக்கு வேண்டிக்கொண்டு வீட்டில் கவுச்சியை நிறுத்தியவள் அவள். ஆறு மாதமாக மீனுக்குப் பதில் இருவருக்கும் ஆளிவிதைப் பொடிதான்.

"ஒரே டப்பா, ஒரே ஸ்பூன். ஆனா சாமி அவரைத் தனியா கவனிச்சிருக்கு பாரு. இன்னும் ஒரு வருசத்துக்கு வேண்டிக்கப் போறேன்."

உரம் வாங்கப் பையோடு போளூருக்குக் கிளம்பிய ராஜவேலு அப்படியே நின்றுவிட்டார். "ஒரு வருசமா?"

"மீன் இல்லாம செத்துடுவேன்னு குதிச்சீங்களே, இன்னா ஆச்சு இப்போ?"

தேவி காகிதத்தை மறுபடியும் பார்த்தாள். "எங்கயோ இடிக்குது அக்கா. ஆளிவிதையிலிருந்து அந்தக் கொழுப்பைப் பொம்பளைங்க உடம்புதான் கொஞ்சம் நல்லா செஞ்சுக்கும். ஆம்பளைங்களுக்கு அவ்ளோ வராது. வெறும் பொடின்னா உனக்குத்தானே ஜாஸ்தி இருக்கணும்?"

நீலாவதி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நம்மளுக்கு இருக்கிறதே அரை ஏக்கரா. அதுக்கு வாராவாரம் போளூர் போய் இன்னா உரம் வாங்குறீங்க?"

ராஜவேலு பையைக் கீழே வைத்தார்.

"சத்தியமா பொரிச்ச மீனைத் தொடவே இல்ல நீலா. கொழம்பு மீனு மட்டும்தான்."