சமையலறைச் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்

மலைமேல் ஒரு வீடு. அங்கே சமையலறைச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. வீட்டுச் சூட்டை அளந்து, கீழே இருக்கும் ஹீட்டருக்கு ஒயர் வழியாக உத்தரவு போடுவது அதன் வேலை. காலையில் தோசைக்கல் காய்ந்ததும், "வீடு நல்லா சூடாயிடுச்சு, போதும்!" என்று சொல்லிவிடும். ஹீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அணையும். கடைசி அறைக் கைக்குழந்தை குளிரில் அழுவது சூடு போகும் குழாய் வழியாக ஹீட்டருக்குக் கேட்கும்.

"அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு வீட்டுக்கே தீர்ப்பு சொல்றீங்களே, ஐயா!" என்று ஒருநாள் ஹீட்டர் பொரிந்து தள்ளியது.

"நான் பொய் சொன்னதே இல்லையே," என்றது தெர்மோஸ்டாட். அதுவும் உண்மைதான்.

அந்த வாரமே தெர்மோஸ்டாட்டை இடம் மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். "ஒயர் கூடம் வரைக்கும்தான் எட்டும்மா. அங்கேயே மாட்டிடவா?"

"வேண்டாண்ணே, புது ஒயர் இழுங்க. குழந்தை படுக்கிற ரூம்லதான் இருக்கணும்," என்றாள் வீட்டுக்காரி மரகதவல்லி.

இடம் மாற்றிய கோபத்தில் அது முறைத்துக்கொண்டு இருக்கும் என்றுதான் ஹீட்டர் நினைத்தது. ஆனால் புது ஒயரில் வந்த முதல் பேச்சே வேறு. "ஐயோ, இங்கே இப்படியா குளிருது? தப்பு என்மேலதான். எரிப்பா, நல்லா எரி!"

ஹீட்டர் அசந்துபோனது. இத்தனை வருஷம் அதிகாரம் பண்ணிய வாய், தப்பை ஒப்புக்கொள்ள ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அதே குரல் மெல்ல வந்தது. "போதும்ப்பா. பாப்பா போர்வையை உதைச்சுத் தள்ளிட்டா."

'போதும்' என்ற சொல்லை ஹீட்டர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறது. நம்பி அணைந்தது அன்றைக்குத்தான்.