குபேரனைப் பார்த்த தகடு

"மானியம் வாங்கிப் பாதி விலைக்கு என்னைக் கொண்டுவந்தாயே, மாட்டும்போது பாதி மூளையாவது செலவழித்திருக்கக் கூடாதா?"

மொட்டைமாடியில் சோலார் தகடு வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் இருந்த காகம் கேட்டது: "அப்படி என்னப்பா செய்துவிட்டான்?"

"வாஸ்துக்காரன் பேச்சைக் கேட்டு என்னை வடக்கே பார்க்க வைத்துவிட்டான். தெற்கு எமன் திசையாம், வடக்கு குபேரன் திசையாம். இந்த மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தல்லவா போகிறான்? என் முதுகுதான் காய்கிறது."

காகம் சிரித்தது. "கீழே என்ன பேச்சு தெரியுமா? கரண்ட் பில் குறையவே இல்லையாம். நீ தண்டமாம். காயலான் கடைக்காரனை வரச் சொல்லிவிட்டான்."

"நானா தண்டம்?" தகட்டுக்குச் சூடேறியது. அன்று அதன் முகத்துக்குக் கிடைத்த சூடே அவ்வளவுதான்.

"என்னிடம் ஏன் பாய்கிறாய்? உன் குபேரனிடம் கேளேன்."

"கேட்டாயிற்று. அவனே பில் கட்ட முடியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறானாம்!"

மாடிப்படியில் வீட்டுக்காரனின் குரலும் காயலான் கடைக்காரனின் குரலும் பேரம் பேசிக்கொண்டே ஏறி வந்தன. தகடு அலறியது:

"யோவ், எடை போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் என்னைத் தெற்கே திருப்பி வையய்யா! எமன் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்!"