பெல்ட் மாட்டாத பொம்மை

அந்தப் பாலைவன நகரத்தில் எழும்பிக்கொண்டிருந்த வட்டியில்லா வங்கியின் ஆறாம் மாடிச் சாரத்தில் முத்திருளன் ஒரு திருஷ்டிப் பொம்மை கட்டினான். ஊரிலென்றால் வைக்கோல் திணிப்பார்கள். இங்கே கிடைத்தது காலி சிமெண்ட் பைதான். அதற்குப் போட்டுவிட்டது, போன வாரம் அதே சாரத்திலிருந்து விழுந்து செத்த கூட்டாளி சீனி மைதீனின் நீலச் சீருடை. இன்னொருத்தன் விழக்கூடாது, அவ்வளவுதான் அவன் கவலை. காலையில் போர்மேன் ஹபீபு கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கத்தினார். “டேய், சேப்டி பெல்ட்டு மாட்டாம எவன்டா அங்க நிக்கிறது?” சாரத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். “அது பொம்மைண்ணே,” என்றான் முத்திருளன். “அன்னைக்கு மைதீனப் பாத்து இப்புடிக் கத்தியிருக்கலாம்ல?” சிரிப்பு நின்றுபோனது. போர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “முதலாளி வர்ற நேரம். அவுத்துக் கீழ போடு.” முத்திருளன் கயிற்றை அவிழ்த்து, பொம்மையை விளிம்பு வரை கொண்டுபோனான். கை விடமாட்டேன் என்றது. “போடுடா, அதுக்கென்ன வலிக்கவா போவுது?” என்று கீழேயிருந்து கத்தினார் போர்மேன். அவன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி வழியே இறங்கினான். எதிரே பலகை சுமந்து ஏறி வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.