முக்காடும் மூப்பரும்

ஆராதனை தொடங்கும் நேரம். வேதம் வாசிக்க மேடையேறப் போனவளை மூப்பர் வழிமறித்தார்.

“முக்காடு எங்கம்மா?”

“பழக்கமில்லைங்கய்யா. நான் சபைக்குப் புதுசு. போதகர்தான் வாசிக்கச் சொன்னாரு.”

“பொம்பளை மேடையேறுறதே எனக்குப் பிடிக்கல. அதுலயும் வெறுந்தலையோடவா?”

பக்கத்தில் நின்ற போதகர் கையைப் பிசைந்தார். மூப்பரைப் பகைத்துக்கொண்டு அந்தச் சபையில் யாரும் குப்பை கொட்ட முடியாது.

“ஆம்பளைங்களுக்கு ஒரு சட்டமும் கிடையாதாங்கய்யா?”

“ஏன் கிடையாது? ஆம்பளை தலையை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணவே கூடாது. வேதத்துல பவுல் ரெண்டையும் ஒரே மூச்சுல எழுதியிருக்காரு. குளிர் தாங்காம குல்லா போட்டு வந்த பெரியவரையே வாசல்ல கழட்ட வெச்சவன் நான்!”

அவள் நெருங்கிப்போய் அவர் காதில் ஏதோ சொன்னாள்.

மூப்பரின் முகம் வெளிறியது. ஒதுங்கி வழிவிட்டார். அவள் கணீரென்று வாசித்து முடித்தபோது, முதல் ‘ஆமென்’ அவரிடமிருந்துதான் வந்தது.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவளிடம் ஓடி வந்தார்.

“நான் இத்தனை வருஷம் மன்றாடியும் மசியாத மனுஷன்மா அவரு! அப்படி என்ன வசனம் சொன்னீங்க?”

“வசனமெல்லாம் இல்லைங்கய்யா. நான் விக் கடையில வேலை பார்க்கறேன். அவருக்குப் பொருத்திவிட்டப்போ முகக்கவசம் போட்டிருந்தேன், அதான் அவருக்கு அடையாளம் தெரியல. ‘உங்க தலையில இருக்கறதை நீங்க கழட்டுங்கய்யா, நானும் முக்காடு போட்டுக்கறேன்’னு சொன்னேன்.”