பெயிண்ட் அடித்த கார்

கொட்டகையில் பல வருடம் கிடந்த பழைய காருக்கு ஒரே ஆசை, மறுபடி ரோட்டில் ஓட வேண்டும். வீட்டுக்காரர் மகன் எழிலன் ஒருநாள் அதைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்கினான். வேலை அவனுக்குப் புதிது. பெயிண்ட் அடித்தான், பம்பரைப் பளபளவெனத் தேய்த்தான், சீட்டுக்கு உறை தைத்தான். பானெட்டை மட்டும் திறக்கவேயில்லை.

"இன்ஜினை எப்பதான் பார்ப்பான்?" என்று உள்ளே குடியிருந்த எலியிடம் கார் தினமும் புலம்பியது.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தார்கள். "ராஜா மாதிரி இருக்குடா!" என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். கார் பூரித்துப்போனது.

எலிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, வயரையெல்லாம் என் பிள்ளைங்க கடிச்சு வச்சிருக்குதுங்க. நான் வெளியே ஓடிக் காட்டினா பானெட்டைத் திறந்து பார்ப்பான். நீங்க ரோட்டுக்குப் போயிடலாம்."

"சத்தம் போடாதே!" என்று பதறியது கார். "ரோட்டிலே ஒரே சேறு. என் பெயிண்ட் என்ன ஆகிறது?"