ரவுண்டாக ஐயாயிரம்

என் கணவராக நடிக்கும் ஹீரோ ஒரே நேரத்தில் மூன்று போனில் கத்திக்கொண்டிருந்தார்.

என் கணவர் ஆயுளில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இப்படிக் கத்துகிறவனை நம்பி எந்த முட்டாள் தன் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பான்?

டைரக்டருக்கு அதெல்லாம் கவலையில்லை. கட்டடத்துக்குள்ளேயே தொப்பி, நெற்றிமேல் கறுப்புக் கண்ணாடி. ஷேர் புரோக்கர் என்றால் வாயில் சுருட்டு, கையில் கிளாஸ், பக்கத்தில் ஒரு பெண் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் படம் எடுக்கவே வந்திருந்தார்.

ஊரை அடித்து உலையில் போட்ட அந்த மனுஷர் குடித்ததெல்லாம் வெந்நீர்தான். வயதானவர்கள் ஆபீசுக்கு வந்தால் எழுந்து தன் நாற்காலியையே கொடுப்பார். அதில் உட்கார்ந்துதான் அத்தனை பேரும் தங்கள் ஷேர்களை அவர் பொறுப்பில் விட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். இதைச் சொன்னேன். இதை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று டைரக்டர் சிரித்தார்.

நானாக நடிக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பதினோரு காட்சி, பதினொன்றிலும் கிளிசரின். புருஷனைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகும்போதுகூட, ஷேர் என்றால் என்ன என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்கிறாள்.

அது என் மகள் போட்ட நிபந்தனை. எங்கள் கதையைப் படமாக்கச் சம்மதிக்கும்போதே அக்ரிமென்டில் எழுதி வாங்கிவிட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் காட்ட வேண்டும். ஒரு வசனம் மாறினாலும் படத்தை நிறுத்திவிடுவாளாம். தினமும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து காவல் உட்கார்ந்திருந்தாள்.

சிறையில் இருக்கும் அப்பாவை அவள் எட்டு வருடமாகப் போய்ப் பார்க்கவில்லை. அவர் போடும் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவாள். ஊரை ஏமாற்றியதைக்கூட மன்னிக்கலாம், உன்னை ஏமாற்றியதை மன்னிக்க மாட்டேன் என்பாள். நான் மட்டும் மாதம் ஒருமுறை போய்வருவேன். உனக்கு ரொம்ப இளகின மனசு என்று அதற்கும் கோபித்துக்கொள்வாள்.

அவளுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் அவள் ஒருத்திதான்.

அன்று எடுத்தது டிவிடெண்ட் காட்சி. வாடிக்கையாளர்களின் பங்குகளைச் சத்தமில்லாமல் விற்றுத் தின்றாயிற்று. ஆனால் பங்கு பத்திரமாக இருக்கிறது என்று அவர்கள் நம்ப வேண்டும். அதற்கு, வருடா வருடம் கம்பெனி தரும் டிவிடெண்ட் மட்டும் நின்றுவிடக் கூடாது. எனவே அந்தப் பணத்தைப் புரோக்கரே தன் கையிலிருந்து அனுப்பிவிடுகிறான். தீர்ப்பைப் படித்திருப்பார்கள் போலிருக்கிறது, இதை மட்டும் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

பிடித்ததை எடுத்த லட்சணம்தான் தாங்க முடியவில்லை. ஹீரோ மேஜைமேல் ஏறி நின்று கவர்களை அள்ளி வீசினார். எல்லாருக்கும் ரவுண்டாக ஐயாயிரம், இன்றைக்கே அனுப்பு என்று மூன்று தரம் முழங்கினார். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

டைரக்டர் என்னிடம் வந்து, எப்படி என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். காலையிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாருக்கும் ஒரே நாள்ல, ரவுண்டா யாராவது அனுப்புவாங்களா? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தேதி இருக்கு. யார்கிட்ட எத்தனை ஷேரோ, அதுக்குத் தகுந்தாப்பல சில்லறை வரைக்கும் சரியா இருக்கணும். கம்பெனி கொடுத்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் போகணும், முந்தவே கூடாது. நான் ஒரே ஒரு தடவை கம்பெனிக்கு ஒருநாள் முந்தி அனுப்பிட்டேன், ரிட்டயர்டான ஒரு வாத்தியார் நேரா வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டாரு.”

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். பிரமாதம் என்றார். உதவியாளரைக் கூப்பிட்டு ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் அந்த வாத்தியாரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஆவலாகக் கேட்டார். அந்த மடையனுக்கு அப்போதும் சீன்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

என் மகளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆறு வருடம். அந்த ஒரு நாளைத் தவிர தேதி பிசகியதே இல்லை. என் கணவரை நம்பியா இதை விட முடியும்? அவருக்குக் கூட்டல்கூட ஒழுங்காக வராது. பொய்யும் அப்படித்தான், சொன்ன அன்றைக்கே மாட்டிக்கொள்வார். கோர்ட்டில் மட்டும், என் மனைவிக்கு ஷேர் என்றால் என்னவென்றே தெரியாது என்று நீதிபதியைப் பார்த்து அழகாகச் சொன்னார். அதற்கப்புறம் மாதா மாதம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேனே, ஒருநாள்கூட அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மகள் வருகிறாளா என்று மட்டும் கேட்பார்.

மகள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அப்பாவப் பாக்க எந்தக் கிழமை விடுவாங்க?”

புதன்கிழமை என்றேன். காலை பத்து மணிக்குள் போய்ப் பேர் கொடுத்துவிட வேண்டும், வரிசை நீளமாக இருக்கும், வழியெல்லாம் எனக்குத்தான் தெரியும், நானும் கூட வருகிறேன் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

“நீ வர வேணாம்” என்றாள்.