கட்டைவிரல் அனுமதி

பதினெட்டு வயது வரை பிள்ளைகள் போனில் அனுப்பும் எதுவும், பெற்றவர் தன் போனில் விரல் வைத்தால்தான் போகும். நான் பஸ் கண்டக்டர். டிக்கெட் கொடுத்துக்கொண்டே மகள் ஜெனிஷாவுக்கும் விரல் வைப்பேன்.

சாயங்காலம் வடசேரியில் கூட்டம் ஏறும்போது, வகுப்புக் குழுவுக்கு அவள் எழுதியது என் அனுமதிக்கு வந்தது:

“பிரேயர்ல மயங்கி விழுந்தவ போட்டோவ எல்லாரும் அழிங்க. டீச்சர்கிட்ட சொன்னது நான்தான்.”

நாளை வகுப்பில் ஜெனிஷாவோடு யாரும் பேசமாட்டார்கள். தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். விரலை அழுத்தினேன்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? ஊருக்கே தெரியட்டும் என்று பதிவு எழுதினேன். பிள்ளையைப் பற்றி எழுதினால் பிள்ளை விரல் வைக்க வேண்டும். ஜெனிஷா மறுத்துவிட்டு, போனில் கூப்பிட்டாள்.

“யம்மா, இதப் பாத்தா விழுந்தது யாருன்னு எல்லாரும் தேடுவாங்க.”

அழித்துவிட்டேன். இந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய்க் கொட்ட? விசிலை நீளமாக ஊதினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லண்ணே, போலாம் ரைட்!”